பொன்னுசாமியின் வயிற்றில் இருந்தது

1979 மார்ச் 5, திங்கள்

காலை ஏழு மணிக்கே அனல். மலையடிவாரம், சிலுசிலுவென்று காற்று வரும் என்று சொல்லி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் இந்த வீட்டை என் தலையில் கட்டிய புரோக்கரைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். காற்று வருகிறது. அடுப்புக்குள்ளிருந்து.

வாங்க வேண்டியவை: மைக்ரோஸ்கோப் பல்பு (மறுபடி ஃப்யூஸ்), மண்ணெண்ணெய், கிராம்பு. பல் டாக்டரிடம் போக வேண்டும், கீழே வலப்பக்கக் கடைவாய்ப்பல். போக மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதற்குத்தான் கிராம்பு.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன கண்டக்டரின் மூக்கு உடைந்தது. டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை. கண்டக்டர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்கு டிக்கெட் கிழித்தார். டிக்கெட்டில் ரத்தம்.

ஆஸ்பத்திரி லேபுக்குப் போனதும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பாதி இரைப்பை வந்தது. சர்ஜன் நடேசன் வெட்டியது. பொன்னுசாமி, வயது 38, சேந்தமங்கலம் பக்கம் தோட்டம் துரவு உள்ள விவசாயி. ஒரு வருடமாக வயிற்றுவலி, மலம் கறுப்பு, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். சீட்டில் நடேசன் ‘கேன்சர்’ என்று எழுதி அடிக்கோடு வேறு. முடிவையும் அவரே எழுதிவிட்டால் நான் எதற்கு இங்கே பெஞ்சு தேய்க்க?

கட்டியைக் கத்தியால் பிளந்தேன். கேன்சர் என்றால் கத்திக்கு நறநறவென்று கெட்டியாக இருக்கும். இது இல்லை. ஆட்டு ஈரலை அறுப்பது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். மனதில் ஒரு சின்ன நமநமப்பு. ஃபார்மலினில் போட்டேன்.

டெக்னீஷியன் சரோஜா, திருச்செங்கோட்டுக்காரி, கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க மேடம், இதுதான் அந்த மருந்துக் கட்டீங்களா?”

“என்ன மருந்து?”

“வார்டு பூராவும் அதுதானுங்க பேச்சு. அவரு சம்சாரம் சோத்துல மருந்து வெச்சுப்போட்டாளாமா. அது வயித்துல ஒட்டிக்கிட்டுக் கட்டியா வளந்துருச்சுன்னு அவுங்க அம்மா சொல்லிச் சொல்லி அழுவுதுங்க.”

இந்தப் பக்கம் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்கிறேன். ஆத்தூரில் எங்கள் தெருவிலும் உண்டு, இவ்வளவு இல்லை. புருஷனைக் கைக்குள் வைக்கப் பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாளாம். அது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அதை ‘எடுக்க’ ஆட்களும் இருக்கிறார்கள். பொன்னுசாமியை அப்படி ஒருவனிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவன் பச்சிலைச் சாறு ஊற்றி வாந்தி எடுக்கவைத்து, தொப்புளில் குழல் வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டியிருக்கிறான். கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததுதான், வேறென்ன. குடும்பம் அதைப் புகையிலை டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறதாம்.

ரத்தம் போய்க்கொண்டிருந்த மனுஷனை ஒரு வருடம் ஊதிக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் சரோஜாவைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மார்ச் 8, வியாழன்

ஸ்லைடு தயார். நாள் முழுக்க அதோடுதான்.

நடேசன் நினைத்த கேன்சர் இல்லை. இரைப்பையின் உள்தோல் ஒழுங்காகவே இருக்கிறது. அதற்கு அடியில்தான் கூட்டம். பார்க்கிற இடமெல்லாம் ஒரே வகை செல். உட்கரு ஓரமாக ஒதுங்கி, அதற்குள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரிக் கோடுகள். பிளாஸ்மா செல். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

சிக்கல் இனிமேல்தான். பிளாஸ்மா செல் எல்லார் வயிற்றிலும் கொஞ்சம் உண்டு. வேண்டாதது உள்ளே நுழைந்தால் அதை எதிர்க்கும் சரக்கைத் தயாரிப்பது இதன் வேலை. ஆறாத புண் இருந்தால் கூட்டமாக வந்து நிற்கும். அப்படி வந்த கூட்டமா இது? இல்லை, இந்தச் செல்லே கெட்டுப்போய்த் தன்பாட்டுக்குப் பெருகிய கட்டியா? கட்டி என்றால் எலும்பு மஜ்ஜையில் வருவதுதான் வழக்கம். இரைப்பையில் மட்டும் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். புத்தகப் படத்தில் தவிர நான் பார்த்ததில்லை.

நடேசன் எட்டிப் பார்த்தார். சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப கேன்சர் இல்ல. உள்ள போன ஏதோ ஒரு பொருளுக்கு உடம்பு காட்டுற எதிர்ப்பு. அவ்வளவுதானே மேடம்?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேற சாயம் போட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?”

கை சுத்தமான சர்ஜன். வாய்க்கும் ஒரு தையல் போட்டுக்கொண்டால் தேவலை.

பல் விண்விண் என்கிறது. கிராம்பு தீர்ந்துவிட்டது.

மார்ச் 9, வெள்ளி

சொல்லிவிட்டார். நேற்றுச் சாயங்காலமே, ரவுண்ட்ஸில், அந்தக் குடும்பத்திடம். “பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. எதோ உள்ள போயிருக்கு, அதுக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டியிருக்கு.” நல்ல செய்தி சொல்கிற நினைப்பில்.

எதோ உள்ளே போயிருக்கு. அந்த வீட்டுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? பெரிய டாக்டரே சொல்லிவிட்டார்.

காலையில் ஆண்கள் வார்டு வராண்டாவில் கூச்சல். ஓடினேன். பொன்னுசாமியின் அம்மா, மருமகள் பாவாயியின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு பித்தளைச் சொம்பால் மண்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். டங், டங் என்று சத்தம். “எஞ்சாமிய உருக்கிப்போட்டாளே! சோத்துல வெச்சுத் தின்னுபோட்டாளே!” சுற்றிலும் பார்வையாளர் கூட்டம். வாட்ச்மேன் வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தான்.

பாவாயிக்கு முப்பது இருக்கும். நல்ல கட்டுமஸ்தான உடம்பு, களையெடுத்து உரமேறிய கை. ஒரு தள்ளுத் தள்ளினால் கிழவி சுவரில் போய் விழுவாள். தள்ளவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது, அதையும் துடைக்கவில்லை.

கிழவியின் கையைப் பிடித்து முறுக்கினேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். மேல்வரிசைப் பல் முழுசாகப் பதிந்திருக்கிறது. நல்ல பல். எனக்குத்தான் இல்லை.

பாவாயிக்கு ஏழு தையல். எனக்கு டெட்டனஸ் ஊசி. தையல் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மருந்தாம், மண்ணாங்கட்டியாம்.

இந்தக் கட்டி என்னவென்று கண்டுபிடித்தே தீருவேன். எழுத்தில் வைத்து அவர்கள் மூஞ்சியில் அடிப்பேன்.

மார்ச் 12, திங்கள்

புதுச் சாயம் வேலை செய்தது. பிளாஸ்மா செல் என்றால் உடம்பெல்லாம் சிவப்பாக ஏறும், உட்கரு பச்சையாக நிற்கும். ஸ்லைடு முழுக்கச் சிவப்பு.

எதிர்ப்புக் கூட்டம் என்றால் எல்லா வகை செல்லும் கலந்து நிற்கும், சந்தைக்கடை மாதிரி. இங்கே இது ஒன்று மட்டும். சிலதுக்கு இரண்டு உட்கரு. சிலது பிளந்து இரண்டாகிக்கொண்டே இருக்கிறது. இரைப்பையின் தசைக்குள் புகுந்து, நார் நாராகக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. வந்து நிற்கிற கூட்டம் இப்படிச் செய்யாது. கட்டிதான்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்: மஜ்ஜையிலும் இருக்கிறதா? இருந்தால் ஆள் தப்ப மாட்டார். மூத்திரத்தைச் சோதனைக்குழாயில் சுடவைத்தேன். அந்த நோயானால் பாதிச் சூட்டில் கலங்கி, கொதிக்கும்போது தெளியும். கலங்கவே இல்லை. மண்டையோட்டு எக்ஸ்ரேயில் ஓட்டை இல்லை. மஜ்ஜை எடுக்க நானே வார்டுக்குப் போனேன்.

மார்பெலும்பில் ஊசியை இறக்கித் திருகினேன். பொன்னுசாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார். உறிஞ்சி எடுத்து முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா. அவ வெச்சிருப்பாளுங்களா?”

“கட்டினவரு நீங்க. என்னைக் கேக்கறீங்க?”

“எனக்கென்னங்க தெரியும். வயிறு என்னுது, கை அவுளுது.”

“வெக்கறதுக்கு அவளுக்கு என்ன காரணம்?”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சரோஜா சொன்னாள்: இளம்பிள்ளை ஊரில் ஒருத்தி இருக்கிறாளாம். தறிக்காரர் வீட்டுப் பெண். வாரத்தில் பாதி நாள் இவர் அங்கேதான் கிடப்பாராம். இது ஊருக்கே தெரியுமாம். அதனால்தான் பாவாயி மருந்து வைத்திருப்பாள் என்று ஊரே சொல்கிறதாம்.

எப்படி இருக்கிறது பாருங்கள். அவன் அங்கே போன பழியும் அவள் தலையில்தான்.

மஜ்ஜை சுத்தம். ஒரு கெட்ட செல் இல்லை.

மார்ச் 14, புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. இனித் தாங்காது என்று நானே போனேன். வேர் வளைந்திருந்ததாம். அந்த ஆள் என் மார்பில் முட்டி வைக்காத குறை. மூன்று துண்டாக உடைத்து எடுத்தான். பஞ்சைக் கடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி. வாய் நிறைய ரத்தத்தோடு நடேசனிடம் சண்டை போட முடியாது என்று நினைத்தேன். முடிந்தது.

ரிப்போர்ட்டை மேஜையில் போட்டேன். இரைப்பையில் மட்டும் எழுந்த பிளாஸ்மாசைட்டோமா, அதாவது பிளாஸ்மா செல் கட்டி. முழுவதும் எடுத்தாகிவிட்டது. மஜ்ஜையில் இல்லை. வெளிப்பொருள் எதுவும் இல்லை. கடைசி வரியின் கீழ் நானும் அடிக்கோடு போட்டேன்.

“பிரமாதம் மேடம்! எவ்வளவு அபூர்வம்! ரெண்டு பேருமா சேந்து ஒரு பேப்பர் எழுதிடலாம்.”

“முதல்ல போய் அந்தக் கிழவிகிட்ட நீங்க சொன்னது தப்புன்னு சொல்லுங்க.”

“இதையெல்லாம் அவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?”

“அன்னிக்குப் புரியவெச்சீங்களே!” மேஜையில் ஓங்கிக் குத்தினேன். பேப்பர்வெயிட் உருண்டு விழுந்து உடைந்தது. நர்ஸ் ஓடி வந்தாள்.

வார்டில் கிழவியும் இல்லை, பாவாயியும் இல்லை. அவளைச் சத்தியம் பண்ணவைக்க ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அம்மன் கோயில் முன்னால் சூடம் ஏற்றி வைப்பார்கள். மருந்து வைக்கவில்லை என்றால் வெறும் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவள் குடும்பத்தோடு அழிவாள் என்று நம்பிக்கை.

சாயங்காலம் சேதி வந்தது. பாவாயி அணைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். சூடம் தானாக எரிந்து அணையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் கூத்துக்கெல்லாம் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டேன் என்றிருக்கிறாள். தைரியசாலி. ஆனால் ஊர் என்ன சொல்லும்? குற்றமுள்ள நெஞ்சு என்று சொல்லும். பயமாக இருக்கிறது.

கஞ்சி மட்டும். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது.

மார்ச் 16, வெள்ளி

பொன்னுசாமியின் அண்ணன் செல்லப்பன் லேபுக்கே வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வாசற்படி அடைக்கிற உடம்பு.

“தம்பி வயித்துல எடுத்த கட்டியக் குடுங்க. ஊர்க்கூட்டத்துல வெக்கோணும்.”

உட்காரச் சொன்னேன். கோபப்படாமல், வீங்கின வாயால் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது யாரும் வைத்தது இல்லை. உடம்புக்குள்ளேயே இருக்கிற செல் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகினது. பச்சைக்குழந்தைக்கும் அந்தச் செல் உண்டு. எடுத்தாகிவிட்டது, தம்பி பிழைத்துக்கொள்வார்.

கேட்டான். தலையைக்கூட ஆட்டினான். பிறகு சொன்னான்.

“அறுத்த டாக்டரு எதோ உள்ள போயிருக்குதுன்னு சொல்லிப்போட்டாருங்க. நீங்க பொம்பளைக்குப் பொம்பளை பரிஞ்சு பேசறீங்க.”

அலமாரிப் பக்கம் போனான். ஜாடியில் பேர் ஒட்டியிருந்தது. நான் குறுக்கே நின்றேன். ஒரு கையால் என்னை ஒதுக்கினான், கதவை ஒதுக்குகிற மாதிரி. அவன் ஜாடியை எடுக்க, நான் பிடித்து இழுக்க, கீழே விழுந்து சில்லுச்சில்லாக உடைந்தது. ஃபார்மலின் நெடி. கண்ணைத் திறக்க முடியவில்லை, எனக்கும் அவனுக்கும். சரோஜா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். அவன் குனிந்து தடவி, கண்ணீர் வழிய, தம்பியின் இரைப்பையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நல்லவேளை, ஸ்லைடுக்காக நறுக்கிய துண்டுகள் மெழுகுக் கட்டியில் பத்திரம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணினேன். “வயித்தைத் திருடிட்டுப் போயிட்டான்னு எந்த செக்‌ஷன்ல போடறதும்மா?” பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். ரிசீவரை வைத்த வேகத்தில் ஒரு மூலை விண்டுபோனது. அதற்கும் என்னிடம் விளக்கம் கேட்பார்கள்.

முழங்கையில் கண்ணாடி கீறல். ஒரு காலத்தில் இந்தக் கையை முறுக்கிய மனுஷனை விட்டுவிட்டுத்தான் மெட்ராசிலிருந்து வந்தேன். இங்கே நிம்மதியாகச் செத்த சதையோடு இருக்கலாம் என்று பார்த்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வண்டி வாசலில். ரத்தம் பொருத்திப் பார்க்க வேண்டும், உடனே.

பாவாயி.

பக்கத்துத் தோட்டத்தில் போர் போட வந்த ரிக் லாரிக்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். “களத்துல கெடந்துச்சுங்க அந்தப் புள்ள. கட்டிய எலையில வெச்சுக் காட்டிப்போட்டு, மாத்தி மாத்தி மிதிச்சாங்க. ஊரே நின்னு பாக்குதுங்க. ஒருத்தன் கிட்டப் போவுல.” அவர் ரத்தம் பொருந்தியது. படுத்துக் கொடுத்தார். எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

நாடி இல்லை, வயிறு கல்லு மாதிரி. நடேசன் திறந்தார். உள்ளே எல்லாம் ரத்தம், மண்ணீரல் இரண்டாகக் கிழிந்திருந்தது. எடுத்தார். பிழைக்கவைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: வேறு யாராக இருந்தாலும் அவள் மேஜையிலேயே போயிருப்பாள்.

வெளியே வந்து, முகமூடியைக் கழற்றாமலே, “நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் மேடம்” என்றார். ஆமாம் என்றேன்.

மண்ணீரல் கிண்ணத்தில் என்னிடம் வந்தது. எடை போட்டேன், அளந்தேன், கிழிசலைப் படம் வரைந்தேன். புது ஜாடியில் போட்டு, அலமாரியில் புருஷனுடைய ஜாடி இருந்த இடத்திலேயே வைத்தேன். பாவாயி, வயது 30.

செல்லப்பன் கிடைத்தால் அந்த ஜாடியாலேயே மண்டையைப் பிளப்பேன். நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 20, செவ்வாய்

ஏட்டு வந்து வாக்குமூலம் எழுதினார். பாவாயி மெல்லிய குரலில் சொன்னது: “கெணத்துப் படியில வுழுந்துட்டனுங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். “பொய் சொல்லாதே பாவாயி” என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஏட்டு ரொம்ப சந்தோஷமாகக் கிணற்றுப்படி என்று எழுதிக்கொண்டு போனார்.

அவளையே அறையலாம் போல வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

வெயில். குழாயில் தண்ணீர் இல்லை.

மார்ச் 22, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பாவாயி கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து சாய்ந்து, ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டைக் கையிலேயே கொண்டுபோயிருந்தேன். பரிசு கொடுக்கப்போகிற மாதிரி.

“பாவாயி, உன் வீட்டுக்காரர் வயித்துல இருந்தது மருந்து இல்ல. உடம்புல தானா வந்த கட்டி. யார் எதை வெச்சாலும் அப்படிக் கட்டி வராது. உன்மேல ஒரு தப்பும் இல்ல.”

டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நெசமாவுங்களா?”

“சத்தியமா.”

“வேறெதனாச்சும் சேத்தாக்கூட வராதுங்களா? வேரு, பொடி, அந்த மாதிரி?”

“வராது.”

“நா வெச்சனுங்க.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே சொன்னாள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒருத்தன். மூக்குத்தியை வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலம் கொடுத்தானாம். கோழிக்குழம்பில் கலந்துவிட்டாள். போன மாசிக்கு முந்தின மாசி. “இளம்பிள்ளைக்குப் போவாம ஊட்டோட இருக்கோணும்னுதானுங்க. ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னானுங்க. அப்பறம் வயிறு நோவுது நோவுதுன்னு அவரு சுருளச் சுருள, நாந்தான் கொன்னுக்கிட்டிருக்கறேன்னு நெனச்சேன். அப்பறம் எப்புடீங்க சூடத்த அணைக்கறது?”

வராண்டாவில் கைதூக்காமல் நின்றது. கிணற்றுப்படி. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தைரியசாலி என்று எழுதிவைத்திருக்கிறேன், போன வாரம். அவளிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். நான்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே.

“அந்தப் பொட்டலம் ஒண்ணுமே பண்ணலீங்களா அப்ப?”

“மறுநாளே வெளிய போயிருக்கும்.”

“இளம்பிள்ளைக்கும் போயிக்கிட்டுத்தான் இருந்தாரு” என்றாள், தனக்குத்தானே. பிறகு சிரிக்க வந்து, தையல் இழுத்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நின்ற பிறகு முகம் வேறு முகமாக இருந்தது.

“நா செஞ்சதுக்குக் கூலீன்னு நெனச்சுத்தானுங்க அத்தன அடியும் வாங்குனேன். அப்ப அது பூராவும் சும்மாவுங்களா?”

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு எழுந்தேன். லேபுக்கு வந்தேன். வந்ததும் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு பொன்னுசாமியின் ஸ்லைடு அத்தனையையும் மறுபடி எடுத்துப் போட்டேன். நார், மயிர், துகள், வேர்த்தூள். அதைச் சுற்றி வளைக்கிற பெரிய செல். மூலை முடுக்கு விடாமல் தேடினேன். சத்தியம் பண்ணிவிட்டு வந்து தேடினேன்.

ஒன்றும் இல்லை. கட்டிதான். வெறும் கட்டி.

ஏப்ரல் 2, திங்கள்

மெட்ராசுக்கு அனுப்பிய ஸ்லைடுக்குப் பதில்: ஒத்துக்கொள்கிறார்கள். நடேசன் மறுபடி பேப்பர் என்று ஆரம்பித்தார். என் பேரை விட்டுவிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பொன்னுசாமி முன்னமே டிஸ்சார்ஜ். இன்று பாவாயி. அம்மா வீட்டுக்குப் போ, அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று கெஞ்சினேன்.

“என்ற ஊடுங்க அது. கெணறு வெட்டறப்ப மண்ணுச் சொமந்தவ நானு. நா எதுக்குங்க போகோணும்?”

குரல் புதுசு. கனமாக எதையும் தூக்காதே என்றேன். சரீங்க என்றாள். சொம்பு பட்ட தழும்பின்மேல் விபூதி பூசியிருந்தாள்.

புது வாடகை வீடு பார்க்க வேண்டும். இங்கே அனல் தாங்கவில்லை.

மே 4, வெள்ளி

மத்தியானம் கோடைமழை, காற்றோடு. ரோட்டில் புளியமரம் சாய்ந்து பஸ் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விபத்து அறையில் தெரிந்த குரல் ஒன்று மாடு மாதிரி அலறியது. எட்டிப் பார்த்தேன். செல்லப்பன். வலது முன்கை பாதியில் மடங்கித் தொங்குகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு இரண்டும் சுத்தமாக முறிந்திருக்கின்றன. ஒரே அடி.

கூட வந்தது பொன்னுசாமி. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. மழையில் தொப்பலாக நனைந்து, காகிதத்தில் மடித்த இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். பாதி இரைப்பைக்காரர்கள் அப்படித்தான் தின்ன வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“மம்பட்டிப் புடியில போட்டுட்டாளுங்க. அண்ணன் எப்பவும்போலக் கையத்தான் ஓங்குனாரு. அம்மா மாட்டுக்கொட்டாயில தாப்பாப் போட்டுக்கிட்டு உள்ளார கெடக்குது. நா கிட்டப் போனா, இளம்பிள்ளைக்குப் போறதுன்னா இப்பவே கெளம்புங்கறா.”

“அவ எப்படி இருக்கா? வயித்துத் தையல்?”

“அவுளுக்கென்னங்க, களத்து மேட்டுல குந்திக்கிட்டிருக்கறா. புடியக் கீழ வெக்கமாட்டீங்கறா.” இட்லியை மறந்து என் முகத்தையே பார்த்தார். “முந்தியெல்லாம் எத்தன அடிச்சாலும் வாங்கிக்குவாளுங்க. நீங்க அவகிட்ட என்னங்க சொன்னீங்க டாக்டரம்மா?”

“உங்க ரிப்போர்ட்டைத்தான் சொன்னேன்” என்றேன்.